குழந்தைக்கு மயக்க ஊசி போடும் முன் பெற்றோரிடம் பேசுவது எப்படி: அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு

ராமநாதபுரம் கரையோரத்தில் அவசரப் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் என்ன அடிபட்டு வருவார்கள் என்று இங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறி, எதிர்முள் உள்ளே மாட்டி நிற்கும். கரையேற்றி வைத்த வள்ளத்திலிருந்து குதித்தவன் முன்கை வளைந்துபோய் வருவான். உடைந்த பாட்டில் கண்ணாடியை மிதித்துப் பாதம் பிளந்திருக்கும், நாய் கடித்து உதடு தொங்கும், தலையில் அடிபட்ட மூன்று வயதுக் குழந்தையை சி.டி. ஸ்கேனில் படுக்கவைத்தால் ஒரு நொடி அசையாமல் கிடக்காது. இந்த வேலைகளில் பலவற்றை இரண்டு வழியில்தான் செய்ய முடியும். ஒன்று மயக்க மருந்து, இல்லையென்றால் நாலு பேர் கைகாலைப் பிடித்து அமுக்குவது. இரண்டாவது வழியை நான் ஒத்துக்கொள்வதில்லை, பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது.

சரி, மயக்க ஊசி என்று முடிவானதும் பெற்றோரிடம் என்ன நடக்கிறது? கேஸ் ஷீட்டைத் திருப்பி, பேனாவைக் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்கிறோம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாதி வரிகள் காலியாக இருக்கின்றன. அம்மா போட்டுவிட்டு வெளியே போகிறார். பத்து நிமிடம் கழித்துக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால் பிள்ளை கண்ணைத் திறந்தபடி ஆடாமல் அசையாமல் கிடக்கிறான், உடனே "ஐயோ என் புள்ள போயிட்டானே" என்று அலறுகிறார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்து சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த மருந்தில் கண் திறந்தே இருக்கும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் நடந்தது.

இதைச் சரிசெய்யப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஐந்து நிமிடப் பேச்சு போதும். ஆனால் அந்தப் பேச்சை ராத்திரி இரண்டு மணிக்கு, பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது யோசிக்க முடியாது, முன்கூட்டியே தயார் செய்து வாயில் பழகி வைத்திருக்க வேண்டும். கீழே எழுதியிருப்பது அதற்குத்தான்.

உண்மையிலேயே நேரம் இல்லையா?

அவசரம் என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நாம் நிறைய விஷயங்களைத் தாண்டிவிடுகிறோம். வலிப்பு நிற்காமல் வரும் குழந்தை, மூச்சு நின்றுகொண்டிருக்கும் குழந்தை என்றால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் உயிரைப் பாருங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பெற்றோரோ பொறுப்பாளரோ பக்கத்தில் இல்லாத, காத்திருக்க முடியாத நிலையில் நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் உயிர் காக்கும் சிகிச்சையை எந்த நடைமுறைக்காகவும் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆனால் எலும்பு முறிவு, தையல், முள் எடுப்பது, ஸ்கேன் போன்ற வேலைகளில் ஐந்து நிமிடம் எப்போதும் இருக்கிறது. மருந்து ஏற்ற நரம்பில் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் போட, எடை பார்க்க, ஆக்ஸிஜனும் எச்சில், வாந்தியை உறிஞ்சும் சக்ஷனும் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட அதிக நேரம் ஆகும். பேச்சு அதோடு சேர்ந்தே நடக்கலாம்.

முதலில் வலியைக் குறையுங்கள்

பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது நீங்கள் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் தாய் காதில் ஏறாது. அதனால் பேசுவதற்கு முன் வலிக்கு ஏதாவது கொடுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம், வசதி உள்ள இடத்தில் மூக்கில் அடிக்கும் ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து. உடைந்த கைக்கு அட்டையோ பலகையோ வைத்துக் கட்டி அசையாமல் செய்தாலே அழுகை பாதி அடங்கும். இதற்கெல்லாம் மயக்கத்துக்கான ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலியில் துடிக்கும் பிள்ளையைக் காட்டி வாங்கிய கையெழுத்தில் சம்மதம் எவ்வளவு, பதற்றம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, "எதையாவது பண்ணுங்க சார்" என்றுதான் எந்தப் பெற்றோரும் சொல்வார்கள். பிள்ளை கொஞ்சம் அடங்கி, அம்மா மடியில் சாய்ந்த பிறகு பேசினால் அதே அம்மா எத்தனை நல்ல கேள்விகள் கேட்கிறார் என்று பாருங்கள்.

யார் கையெழுத்துப் போடலாம்?

நம் ஊரில் இதுதான் பெரிய சிக்கல். அப்பா கடலுக்குப் போயிருப்பார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், ஆனால் போனால் மறுநாள் காலையில்தான் கரை, நடுவில் போன் எடுக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் அப்பாவும் கூட வந்து நிற்பார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் வாப்பா துபாயிலோ சவூதியிலோ இருப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது அம்மாவோ அப்பத்தாவோ தாய்மாமனோதான்.

"அப்பா வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லத் தேவையே இல்லை. அம்மாவின் சம்மதம் முழுச் சம்மதம். அப்பா இல்லாத நேரத்தில் அம்மா இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்து சட்டத்துக்கு விளக்கம் கொடுத்துவிட்டது. சிகிச்சை என்று வரும்போது குற்றவியல் சட்டம் இன்னும் விரிவாகவே பேசுகிறது: 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதன் நன்மைக்காகச் செய்யும் காரியத்துக்குப் பாதுகாவலரோ, சட்டப்படி பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ சம்மதம் தரலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவு. அம்மா, அப்பா இருவருமே வெளியூரில் இருந்து அப்பத்தாவிடம் வளரும் பிள்ளை என்றால் அந்த அப்பத்தாவிடம் பேசுங்கள், பெற்றோரில் ஒருவரைப் போனில் பிடிக்க முயலுங்கள், இரண்டையும் நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ஆனால் சட்டம் சொல்வது ஒரு பக்கம், அம்மாவின் மனசு ஒரு பக்கம். "அவரு இல்லாம நான் எப்படி சார் போடுறது, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையில்ல கேப்பாக" என்பார். அந்தப் பயம் உண்மையானது, அதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது. "நீங்க பெத்த தாயி, நீங்க சொன்னா போதும்மா. அவர் இங்க இருந்தாலும் இதே விஷயத்தைத்தான் சொல்லியிருப்பேன். வேணும்னா அவர் வந்ததும் நானே ஒரு தடவை அவர்கிட்டயும் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், சொன்னால் செய்யவும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் கிடைத்தால் ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லலாம், தனித்தனியாகச் சொன்னால் அம்மா நடுவில் மாட்டிக்கொள்வார். கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போடவும் தயங்கினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, தாள்களால் அவர்கள் பட்டது அதிகம். இந்தத் தாள் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டோடு இருப்பது, சிகிச்சைக்கு மட்டும் என்று காட்டிச் சொல்லுங்கள். ராமேஸ்வரத்துக்கு வந்த வடநாட்டு யாத்ரீகர் பிள்ளை என்றால் இந்தி தெரிந்த ஊழியரையோ போனில் ஒருவரையோ பிடியுங்கள். கூட வந்த பத்து வயது அக்காவை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், தம்பியைப் பற்றிய பயத்தை அந்தச் சிறுமி தலையில் ஏற்றக் கூடாது.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. கையெழுத்துப் போட்டால் "ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல" என்று எழுதிக் கொடுப்பதாகத்தான் மக்கள் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கவனக்குறைவாக வேலை செய்தால் கையெழுத்து யாரையும் காப்பாற்றாது, பெற்றோருக்குக் கேள்வி கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னால் நம்பிக்கை கூடும்.

என்ன சொல்ல வேண்டும்?

2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பட்டியல் போட்டதுபோலச் சொல்லியிருக்கிறது: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன நன்மை, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும். ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் மாவுக்கட்டுக்கு வாங்கிய கையெழுத்திலேயே மயக்க மருந்தும் அடங்கும் என்று நினைக்காதீர்கள், மயக்கத்தைத் தனியாகச் சொல்லித் தனியாக எழுதுங்கள். சொல்ல வேண்டியவர் மருந்து கொடுக்கப்போகும் டாக்டர். சிஸ்டர் முன்னாலும் பின்னாலும் உதவலாம், நிறைய நேரம் அவர்கள்தான் நம்மைவிட நன்றாகச் சொல்கிறார்கள், ஆனால் ஆபத்தைச் சொல்லும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

உட்காருங்கள். நின்றுகொண்டு சொன்னால் அவசரமாகப் போகிறவர் மாதிரி தெரியும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கை உடைந்து வந்த ஏழு வயதுப் பையனின் அம்மாவிடம், கெட்டமின் கொடுக்கப்போகும்போது, நான் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

"அம்மா, நான்தான் இன்னைக்கு டூட்டி டாக்டர். தம்பிக்கு முன்கையில ரெண்டு எலும்பும் உடைஞ்சு வளைஞ்சிருக்கு. இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போடணும், இழுக்கும்போது தாங்க முடியாத வலி வரும். அந்த வலி தெரியாம இருக்க கெட்டமின்னு ஒரு மருந்து, இந்த ஊசி வழியாவே கொடுக்கப் போறோம். ஒரு நிமிஷத்துல வேலை செய்யும். பத்து, இருபது நிமிஷம் ஆழமா இருக்கும், முழுசா தெளிய ஒரு மணி, ரெண்டு மணி நேரம்கூட ஆகும்.

"இது தூங்கவைக்கிற மாதிரி இருக்காது. கண்ணு திறந்தே இருக்கும், மேல பார்த்துக்கிட்டு கருவிழி பக்கவாட்டுல ஆடும். உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனா பார்க்க மாட்டான். வாயில எச்சில் ஊறும், கண்ணுல தண்ணி வரும், கையைக் காலை மெதுவா அசைப்பான், முனகுவான். அதெல்லாம் அந்த மருந்தோட குணம், வலியால இல்ல.

"நூறு புள்ளைக்குப் போட்டா எட்டுப் புள்ளைக்குக்கிட்ட வாந்தி வரும், பெரும்பாலும் முழிக்கிற நேரத்துல. சில பேர் முழிக்கும்போது அழுவாங்க, கண்டதைப் பேசுவாங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிரும். ரொம்ப அபூர்வமா, ஆயிரத்துல மூணு புள்ளைக்கு தொண்டை இறுகி மூச்சு விட சிரமப்படும். அப்படி ஆனா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும், ஆக்ஸிஜன், பையை அமுக்கி மூச்சு கொடுக்கிற கருவி எல்லாம் தலைமாட்டுலயே எடுத்து வச்சிருக்கோம். நான் கட்டு போடுறப்ப இந்த டாக்டர் வேற எதையும் பார்க்க மாட்டார், தம்பி மூச்சை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருப்பார்."

இதைப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதில் இருக்கும் எண்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அவசரப் பிரிவுகளில் கெட்டமின் கொடுத்ததை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஆய்விலிருந்து வந்தவை. சதவீதத்தில் சொல்லாமல் நூறில் இத்தனை, ஆயிரத்தில் இத்தனை என்று சொன்னால் எல்லோருக்கும் பிடிபடும். ஆயிரம் என்பது பெரிய ஸ்கூல் ஒன்றில் படிக்கும் மொத்தப் பிள்ளைகள், அதில் மூன்று பேர் என்று நான் சேர்த்துச் சொல்வதுண்டு.

இரண்டு வார்த்தைகளை விட்டுவிடுங்கள். ஒன்று "ஒண்ணும் ஆகாது". வாந்தி எடுத்தாலே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். இன்னொன்று "எது வேணும்னாலும் நடக்கலாம், உயிருக்கே ஆபத்து வரலாம், அதுக்குத்தான் கையெழுத்து". இப்படிச் சொல்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே புரியும், பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எலும்பு கட்டும் வைத்தியரிடம் போய்விடுபவர்களும் உண்டு.

மிடசோலம் கொடுப்பதாக இருந்தால் பேச்சு மாறும். அது வலியைக் குறைக்காது, பதற்றத்தைத்தான் குறைக்கும், சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக முரண்டும் அழுகையும் வரும், மூச்சு மெதுவாகலாம். எந்த மருந்தோ அதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

வேறு வழி என்ன என்பதைத்தான் நாம் அதிகம் விட்டுவிடுகிறோம். சின்னத் தையலுக்கு மரப்பு ஊசி போட்டு, அம்மா மடியில் வைத்துக்கொண்டு, செல்போனில் கார்ட்டூன் காட்டியே முடித்துவிடலாம் என்றால் அதைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் மூச்சைப் பார்க்கத் தனி ஆள் இல்லை, மயக்க டாக்டர் இல்லை என்றால் அதையும் மறைக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 55 கிலோமீட்டர் சுமார், அங்கிருந்து மதுரை என்றால் இன்னும் நூறுக்கு மேல். அனுப்புவதில் பாதுகாப்பு கூடும், தாமதமும் கூடும், வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதும் அம்மாவின் கணக்கில் இருக்கும். மூன்றையும் வெளிப்படையாக மேசையில் வையுங்கள், பிறகு உங்கள் அபிப்பிராயத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி ஒதுங்குவதும் கைவிடுவதுதான். "உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க சார்" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள்.

அவர்கள் கேட்காத கேள்விகள்

"படிப்பு ஏறுமா சார்?" என்ற கேள்வி எல்லோர் மனதிலும் இருக்கும், கேட்பவர் சிலர்தான். மயக்க ஊசி போட்டால் புத்தி மந்தமாகும் என்று நம் ஊரில் பலமாக நம்புகிறார்கள். அதனால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் கொடுத்து, அவர்கள் ஐந்து வயதான பிறகு சோதித்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது, மயக்கம் இல்லாமல் மரப்பு மட்டும் கொடுத்த குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் கொடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ கொடுப்பதைப் பற்றியது. இருபது நிமிட வேலைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. எப்போது சாப்பிட்டான் என்று கேட்டால் "காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல" என்ற பதில் வரும், சாப்பிட்டதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில். கேட்கும் விதத்தை மாற்றுங்கள்: "சாப்பிட்டிருந்தா தப்பே இல்ல, திருப்பி அனுப்ப மாட்டோம், எவ்வளவு நேரமாச்சுன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பார்த்துக்குவோம்." திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் தண்ணீர் குடித்து 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், மற்றதற்கு 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கம். அவசர வேலையை வயிறு காலியாக இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று அமெரிக்க அவசர மருத்துவர்கள் அமைப்பு 2014-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாந்தி வந்தால் என்ன செய்வது என்று தயாராக இருக்க உண்மை தெரிய வேண்டும். சளி, இளைப்பு, ராத்திரி குறட்டை, முன்பு ஆபரேஷன், ஒவ்வாமை, வலிப்பு மாத்திரை, வீட்டில் கொடுத்த நாட்டு மருந்து, எல்லாவற்றையும் இதே தொனியில் கேளுங்கள். நாட்டு மருந்து கொடுத்ததற்குத் திட்டினால் அடுத்த கேள்விக்கு உண்மை வராது. எடையை அம்மா கண்முன் பாருங்கள், "பத்தொன்பது கிலோ, அதுக்கேத்த அளவுதான் மருந்து" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கெட்டமின் கொடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுல உங்க அத்தை கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பரீட்சை வைப்பது மாதிரி இருக்கக் கூடாது, நாம் சொன்ன விதத்தைச் சோதிப்பதாக இருக்க வேண்டும். "கையை இழுத்துக் கட்டுவாங்க, அதுக்கு மயக்க ஊசி போடுவாங்க, காலையில முழிச்சிருவான்" என்று பதில் வந்தால் நீங்கள் எங்கே விட்டீர்கள் என்று தெரிந்துவிடும். "காலை வரைக்கும் இல்லம்மா, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிருவான். கண்ணு எப்படி இருக்கும்னு சொன்னேன்?" "தொறந்தே இருக்கும்னீங்க." "ஆமா, அது சரி." இவ்வளவுதான். இதற்குப் பிறகு படிவத்தைக் கொடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில், காலி வரி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள், சாட்சிக்கு அவர் பக்கத்து ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கூட இருக்கிறீர்களா என்றும் அப்போதே கேளுங்கள். இருக்க விரும்பினால் ஒரு நாற்காலி போட்டு, தலைமாட்டில் உட்காரவைத்து, ஒரே ஒரு வேலை கொடுங்கள்: உடையாத கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் பேசுவது. தலை சுற்றினால் தாங்கிப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வெளியே இருக்கிறேன் என்றால் அதில் தாய்ப்பாசம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, யார் வந்து சொல்வார்கள், எத்தனை நிமிடத்தில் என்று சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளையிடமும் பேசுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். ஊசி இல்லை என்று பொய் சொல்லாதீர்கள், "அழுதா இன்னொரு ஊசி" என்று மிரட்டுபவரை நிறுத்துங்கள், அது அப்பத்தாவாக இருந்தாலும் சரி. எந்தக் கையில் வென்ஃப்ளான் போடலாம் என்று அவனையே கேட்கலாம். மருந்து ஏறும்போது எங்கே போன மாதிரி நினைக்கப் போகிறாய் என்று கேட்டால், பாம்பன் பாலத்தில் ரயிலில் போவேன் என்பான். அதையே பேசிக்கொண்டு மருந்தைக் கொடுங்கள், பயத்தோடு உள்ளே போகிறவன் பயத்தோடுதான் முழிப்பான்.

பெற்றோர் மறுத்தால் உடனே "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று தாளை நீட்ட வேண்டாம். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். சொந்தத்தில் யாரோ மயக்க மருந்தில் இறந்துபோன கதை பெரும்பாலும் பின்னால் இருக்கும், அதைக் கேட்டு முடித்த பிறகு பேச்சு வேறு மாதிரி போகும். மரப்பு ஊசியோடு முடியுமா, காத்திருக்கலாமா, ராமநாதபுரத்துக்கு அனுப்பலாமா என்று பாருங்கள். உயிர் போகும் நிலையில் மறுத்தால் மட்டும் தனியாக முடிவெடுக்காதீர்கள், பெரிய டாக்டரை அந்த நிமிடமே அழையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

ஒப்புதல் பேச்சின் கடைசிப் பாதி இது, பலர் இதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். முன்புபோலப் பேசி, நடந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்காமல் இருந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ஆனால் அப்போதும் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கும். பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆட்டோவிலோ பஸ்ஸிலோ தூங்கிவிட்டால் தாடை நெஞ்சில் படும்படி தலை கவிழாமல் ஒரு பெரியவர் பக்கத்தில் தாங்கிக்கொண்டு வர வேண்டும். அடுத்த நாள்வரை கடலில் குளிப்பது, வள்ளத்தில் ஏறுவது, சைக்கிள், மரம் ஏறுவது எதுவும் வேண்டாம், இங்கே பிள்ளைகள் கட்டுப்போட்ட கையோடும் கரைக்கு ஓடிவிடுவார்கள். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, அப்புறம்தான் சோறு. விடாமல் வாந்தி, எழுப்பினால் எழாமை, மூச்சில் சத்தம், கட்டுக்குக் கீழே விரல் நீலமாவது, இதில் எது வந்தாலும் 108. வார்டு போன் நம்பரையும் சேர்த்து ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். மறுநாள் காலை அப்பா கரைக்கு வந்ததும் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார்.

உங்கள் பிரிவில் இதை ஆரம்பிக்க வேண்டுமானால் மேலே உள்ள பேச்சை உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதி, சக ஊழியரை அம்மாவாக உட்காரவைத்து நாலைந்து தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு மறுநாள் கட்டுப் பார்க்க வரும் பெற்றோரிடம், நேற்று நாங்கள் சொன்னதில் என்ன ஞாபகம் இருக்கிறது, எது எதிர்பாராமல் நடந்தது என்று கேளுங்கள். ஒரே விஷயத்தைப் பலர் மறந்திருந்தால் குறை உங்கள் வாக்கியத்தில் இருக்கிறது, அதை மாற்றுங்கள்.

மயக்கத்தில் ஏதாவது நடந்திருந்தால், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு இறங்கிப் பையை அமுக்கி மூச்சு கொடுக்க வேண்டி வந்திருந்தால், பிள்ளை இப்போது நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு அனுப்பும் முன் பெற்றோரிடம் அதைச் சொல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, என்ன ஆனது, என்ன செய்தோம் என்று துண்டுச்சீட்டின் பின்பக்கம் எழுதி, அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து என்றாலும் முதலில் இதைக் காட்டச் சொல்லுங்கள்.